ஆக்சிஜனுக்கு நாலு வாய் ஊட்டுவது எப்படி?

கடற்கரை ஊரில் வீடு வைத்திருப்பவர்களுக்கும், வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியே தீருவேன் என்று நிற்பவர்களுக்கும் இந்தக் குறிப்பு பயன்படும். இரண்டு பேரும் செய்வது ஒரே வேலைதான். முன்னவருக்கு அது வேண்டாம் வேண்டாம் என்றாலும் நடக்கிறது. பின்னவருக்கு எவ்வளவு கெஞ்சினாலும் நடக்க மாட்டேன் என்கிறது. நான் தரங்கம்பாடிக்காரன்; பட்டத்துக்கும் சில வருடம் அலைந்தவன். ஆகவே இரு தரப்புக்கும் யோசனை சொல்லும் தகுதி எனக்கு உண்டு என்று நானே முடிவு செய்திருக்கிறேன்.

வேலை இதுதான். காற்றில் இருக்கும் ஆக்சிஜனுக்கு எலெக்ட்ரான் ஊட்ட வேண்டும். ஒரு மூலக்கூறுக்கு நாலு வாய். நாலையும் ஒழுங்காக வாங்கிக்கொண்டு, கூடவே நாலு புரோட்டானையும் சேர்த்துக்கொண்டால் அது இரண்டு மூலக்கூறு தண்ணீராகிவிடும். பள்ளிப் புத்தகத்தில் இதற்கு ஆக்சிஜன் ஒடுக்கம் என்று பெயர். மயிலாடுதுறை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் "என்ன ஆராய்ச்சி தம்பி?" என்று கேட்டபோது இந்தச் சொல்லைச் சொல்லித் தொலைத்தேன். "யாரு ஒடுக்குறாங்க?" என்று கேட்டவர், பொறையாறு வரும்வரை அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே வந்தார்.

எதற்கு ஊட்ட வேண்டும் என்றால், மின்சாரத்துக்காக. ஒரு பக்கம் ஹைட்ரஜன் எலெக்ட்ரானைக் கழற்றிக் கொடுக்கும். மறுபக்கம் ஆக்சிஜன் அதை வாங்கிக்கொள்ளும். நடுவில் கம்பி வழியே ஓடுவதை நாம் பிடித்து விளக்கெரிக்கலாம், வண்டி ஓட்டலாம். புகை கிடையாது, மிச்சம் தண்ணீர்தான். எரிபொருள் மின்கலம் என்கிற இந்தச் சமாச்சாரத்தை வேல்ஸ் நாட்டு வில்லியம் குரோவ் 1839-லேயே செய்து காட்டிவிட்டார். இத்தனை வருடம் கழித்தும் அது தெருவுக்குத் தெரு வராமல் இருப்பதற்கு ஆக்சிஜனின் சாப்பாட்டுப் பழக்கம் ஒரு பெரிய காரணம். ஹைட்ரஜன் சமர்த்துப் பிள்ளை, சொன்ன பேச்சு கேட்கும். ஆக்சிஜன் வாயையே திறக்காது. திறந்தாலும் இரண்டு வாய் வாங்கியதும் இடுப்பிலிருந்து நழுவி ஓடிவிடும். கணக்குப்படி 1.23 வோல்ட் வர வேண்டிய மின்கலத்தில் வேலை வாங்கும்போது 0.7 வோல்ட் அளவுதான் கைக்குக் கிடைக்கிறது. காணாமல் போனதில் பெரும்பங்கு இந்த ஒரு பிள்ளையைக் கெஞ்சிக் கொஞ்சி ஊட்டுவதிலேயே போகிறது.

இனி செய்முறை. முதலில் வீட்டுக்காரர்களுக்கான சுலப முறை.

தேவையானவை: இரும்பு ஜன்னல் ஒன்று. அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில் ஒரு வீடு. பொறுமை.

ஊர் தரங்கம்பாடியாக இருந்தால் உத்தமம். எங்கள் கடற்கரைக் காற்றில் ஓசோன் அதிகம் என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதிவைத்திருக்கின்றன. அதை நம்பி டேனிஷ் கோட்டை வாசலில் நெஞ்சை விரித்து மூச்சிழுப்பவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கலாம். தரையோடு இருக்கிற ஓசோன் நுரையீரலுக்கு நல்லதில்லை என்று அவர்களிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். முறைத்தார்கள். கடல் வாசம் என்று நாம் முகர்வது பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்கள் விடுகிற ஒரு கந்தக வாயு என்பதையும் சொன்னேன். அதோடு பேச்சு நின்றது. எப்படியோ, இந்தக் காற்று மனிதனுக்கு என்ன செய்கிறது என்பதில் விவாதம் இருக்கலாம், இரும்புக்கு என்ன செய்கிறது என்பதில் இல்லை.

ஜன்னலைப் பொருத்தியதும் பெயின்ட் அடிக்கவும். அடிக்கும் முன் பழைய துருவைச் சுரண்டக் கூடாது. உப்புத்தாள் வைத்துத் தேய்க்கவே கூடாது. மற்ற ஊர்களில் அது கடையில் விற்கிற தாள்; எங்கள் ஊரில் காற்றே உப்புத்தாள்தான். துருவின் மேலேயே ரெட் ஆக்சைடு, அதன் மேலே பச்சை எனாமல், ஒரே நாளில் இரண்டு கோட்டு. மூலையில் ஒரு கீறல் விட்டுவைத்தால் மீதியை ஊர் பார்த்துக்கொள்ளும். கடல் தெளிக்கிற உப்பில் சோடியம் குளோரைடு மட்டும் இல்லை, மக்னீசியம் குளோரைடும் உண்டு. காற்றில் ஈரப்பதம் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே போதும், அது தண்ணீரை உறிஞ்சிக் கசிய ஆரம்பித்துவிடும். சித்திரை வெயிலில்கூட எங்கள் கம்பிகளைத் தடவினால் விரல் பிசுபிசுக்கும். அந்தப் பிசுபிசுப்புதான் மின்கலத்துக்கு வேண்டிய கரைசல்.

ஆம், மின்கலம். கம்பியில் ஓரிடத்தில் இரும்பு எலெக்ட்ரானை விட்டுவிட்டுக் கரைகிறது. அந்த எலெக்ட்ரான் கம்பிக்குள்ளேயே ஓடி, காற்று நன்றாகப் படுகிற இன்னோரிடத்தில் ஆக்சிஜனின் வாயில் விழுகிறது. கரைந்த இரும்பு பிறகு இன்னும் கொஞ்சம் ஆக்சிஜனோடு சேர்ந்து செம்பழுப்பாகப் படிகிறது. நாம் பார்ப்பது அந்தப் படிவத்தை. ஊட்டல் நடப்பது பக்கத்தில். கேம்பிரிட்ஜில் இவான்ஸ் என்பவர் 1920-களில் ஒரே ஒரு உப்புத்தண்ணீர்ச் சொட்டை வைத்து இதைக் காட்டினார். இரும்புத் தகட்டின் மேல் சொட்டு. அதில் காரம் பட்டால் சிவக்கிற ஒரு சாயமும், கரைந்த இரும்பு பட்டால் நீலமாகிற ஒரு சாயமும் கலந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் காற்று எளிதாகப் புகுகிற விளிம்பு இளஞ்சிவப்பாகும், காற்று குறைந்த நடுப்பகுதி நீலமாகும். ஊட்டுகிற இடமும் உருகுகிற இடமும் ஒரு சொட்டுக்குள் தனித்தனியாகத் தெரியும்.

காரம் பட்டால் சிவக்கிற சாயம் வீட்டிலேயே இருக்கிறதே என்று நான் மஞ்சள்தூளைக் கரைத்துச் செய்து பார்த்தேன். சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் குங்குமமாகிறதல்லவா, அதே கணக்கு. பழைய தோசைக்கல்லைத் திருப்பிப்போட்டு, அதன் முதுகைத் தேய்த்து, உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டேன். அரைமணி நேரம் கழித்து விளிம்பில் சிவப்பு தெரிந்தது என்று நான் சொன்னேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியலடா. கறுப்பாத்தான் இருக்கு" என்றார். மஞ்சள் இரும்போடும் ஒட்டிக்கொண்டு கறுக்கும் என்பதை நான் மறந்திருந்தேன். தோசைக்கல் அன்றிலிருந்து பூட்டப்பட்டுவிட்டது.

இப்போது லாபக் கணக்கு. உங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகளின் மொத்தப் பரப்பு ஒரு சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 0.1 மில்லிமீட்டர் தேய்வதாகக் கொள்வோம். கடலோரத்தில் இது அதிசயமான அளவு இல்லை. வருடத்துக்கு கிட்டத்தட்ட 790 கிராம் இரும்பு போகிறது. அதற்காக ஜன்னலுக்குள் இரவும் பகலும் இடைவிடாமல் 86 மில்லியாம்பியர் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. மின்வெட்டிலும் ஓடும், தீபாவளிக்கும் லீவு இல்லை. பத்து ரூபாய்க்கு விற்கிற சின்ன எல்.இ.டி. விளக்குகள் நாலைந்து எரிய இந்த அளவு மின்னோட்டம் போதும். ஆனால் இரண்டு முனையும் ஒரே கம்பிக்குள் ஒட்டிக் கிடப்பதால் ஒரு சொட்டு வெளிச்சத்தையும் வெளியே எடுக்க முடியாது. பிளாட்டினம் இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை, மானியக் கோரிக்கை இல்லை. ஆக்சிஜன் வாங்கித் தின்றுகொண்டே இருக்கிறது.

வீட்டுக்காரர்களுக்கான பகுதி இதோடு சரி. பட்டக்காரர்கள் இனிமேல்தான் கவனிக்க வேண்டும்.

உங்களிடம் ஜன்னல் செல்லாது. மேலே சொன்ன மின்னோட்டம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 8.6 மைக்ரோஆம்பியர். வண்டி ஓட்டுகிற மின்கலத்தில் அதே சதுர சென்டிமீட்டரில் ஒரு ஆம்பியர் கேட்பார்கள். லட்சம் மடங்குக்கும் மேலே. ஜன்னலுக்கு அவசரம் இல்லை, வண்டிக்கு உண்டு. அத்தனை வேகத்தில் ஊட்ட, பிள்ளையை வாகாக இடுப்பில் வைத்துக்கொள்ளத் தெரிந்த ஒரு பாட்டி வேண்டும். வினையூக்கி என்பது அந்தப் பாட்டிதான். இறுக்கிப் பிடித்தால் பிள்ளை ஒட்டிக்கொண்டு கீழே இறங்காது, அடுத்த பிள்ளைக்கு இடுப்பு காலியாகாது. தளர விட்டால் முதல் வாய்க்கு முன்பே ஓடிவிடும். உலோகங்களை வரிசையாக வைத்துப் பார்த்ததில் ஏறக்குறைய சரியான பிடி பிளாட்டினத்துடையது. அதுவும் கொஞ்சம் இறுக்கம்தான். விலை என்ன என்று கேட்காதீர்கள், நகைக்கடையில் போய்ப் பாருங்கள்.

ஆகவே விலை குறைந்த பாட்டியைத் தேட வேண்டும். அதற்கு எங்கள் ஊர்க் கடற்கரைக்கு வாருங்கள். மணலில் ஏற்றிவைத்த ஃபைபர் படகுகளின் நீலத்தைப் பாருங்கள். அடர்ந்த, வெயிலுக்கு வெளுக்காத அந்த நீலத்துக்கு இன்று உலகமெங்கும் அதிகம் பயன்படுவது தாமிரத் தாலோசயனின் என்கிற அணைவுச் சேர்மம். நடுவில் ஒரு உலோக அணு, அதைச் சுற்றி நாலு நைட்ரஜன், அதைச் சுற்றி பூக்கோலம் போல கரி வளையங்கள். இந்தக் குடும்பம் தொழிலுக்கு வந்ததே ஒரு விபத்து. 1928-ல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத்தில் சாயத் தொழிற்சாலை ஒன்றில் வெள்ளையாக வர வேண்டிய சரக்கில் நீலப்பச்சையாகக் கறை விழுந்தது. தேடிப் பார்த்ததில் பாத்திரத்தின் உள்ளே பூசியிருந்த கண்ணாடிப்பூச்சு விண்டு, வெளியே இருந்த இரும்பு சரக்கோடு சேர்ந்திருந்தது. நம் ஜன்னல் மூலையில் பெயின்ட் விடுகிற அதே கதை. லண்டனில் லின்ஸ்டெட் குழு அதன் அமைப்பைக் கண்டறிந்தது. இரும்புக்குப் பதில் தாமிரத்தை நடுவில் வைத்த நீலம் 1935-ல் மொனாஸ்ட்ரல் என்ற பெயரில் விற்பனைக்கு வந்து, பிறகு பெயின்ட், அச்சு மை, பிளாஸ்டிக் வாளி, எங்கும் பரவியது.

படகின் நீலம் ஆக்சிஜனைச் சீந்தாது. நடுவில் இருக்கும் தாமிரத்தை எடுத்துவிட்டுக் கோபால்ட்டை வையுங்கள், கதை மாறும். 1964-ல் ஜசின்ஸ்கி என்பவர் கோபால்ட் தாலோசயனின் ஆக்சிஜனுக்கு எலெக்ட்ரான் ஊட்டுகிறது என்று 'நேச்சர்' இதழில் எழுதினார். பிளாட்டினப் பாட்டிக்கு மாற்று வந்துவிட்டது என்று எல்லோரும் ஓடினார்கள். இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். நானும் கொஞ்சதூரம் ஓடினேன்.

உலோகத்தைச் சுற்றி நாலு நைட்ரஜன் என்கிற இந்த அமைப்பு எங்கள் பகுதிக்கு அந்நியம் இல்லை. படகிலிருந்து மேற்கே திரும்பி நடந்தால் வயல் வரும். நெற்பயிரின் பச்சையில் இருப்பதும் இதற்குப் பங்காளி, நடுவில் மக்னீசியம். வரப்பில் வழுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டால் வருகிற சிவப்பும் பங்காளி, நடுவில் இரும்பு. ரத்தச் சிவப்பணு ஆக்சிஜனைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் இறக்குவதோடு சரி, ஊட்டுவது அதன் வேலை இல்லை. உள்ளே வாங்கிக்கொண்டு ஊட்டுவது செல்லுக்குள் இருக்கிற சைட்டோகுரோம் ஆக்சிடேஸ். அங்கே ஒரு இரும்பும் எதிரே ஒரு தாமிரமும் பிள்ளையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நாலு வாயும் சிந்தாமல் ஊட்டி முடிக்கின்றன. இந்தக் கட்டுரையைப் படிக்கிற நேரம் முழுக்க உங்களுக்குள் நடப்பது அதுதான். சயனைடு போய் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டால் ஊட்டல் நின்றுவிடும், ஆளும் நின்றுவிடுவார்.

கோபால்ட் தாலோசயனினுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. பெரும்பாலும் இரண்டு வாயோடு விட்டுவிடும். இரண்டு வாய் மட்டும் வாங்கிய ஆக்சிஜன் ஹைட்ரஜன் பெராக்சைடாகிறது. புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அதே சரக்கு. மின்சாரம் பாதி போச்சு என்பதோடு முடிந்தால் பரவாயில்லை. பெராக்சைடு திரும்பி வந்து பாட்டியையே கடிக்கும். அதுவும் நடுவில் இரும்பு இருந்துவிட்டால் இரண்டும் சேர்ந்து வெறிபிடித்த துகள்களை உண்டாக்கி, சுற்றியிருக்கிற கரி வளையத்தைக் குதறிவிடும். இதற்கு ஒரு வழியாக ஸ்டான்ஃபோர்டில் கால்மனும் கால்டெக்கில் ஆன்சனும் 1980-ல் கோபால்ட் போர்ஃபிரின் என்கிற பங்காளிகள் இரண்டை எதிரெதிரே நிற்கவைத்துக் கட்டினார்கள். பாட்டி ஒருத்தி, அத்தை ஒருத்தி, நடுவில் பிள்ளை. நாலு வாயும் இறங்கியது. இந்த மூலக்கூறு அத்தனை அழகு. அதைச் செய்து எடுக்கப் படுகிற பாட்டில் ஒரு கல்யாணமே நடத்திவிடலாம்.

ஆகவே நீங்கள் சாதாரண இரும்பு அணைவு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மூன்று மாதம் கொதிக்கவைத்து, வடிகட்டி, கழுவி, படிகமாக்கி, நடுவில் இரும்பு இருக்கிறது, சுற்றி நாலு நைட்ரஜன் இருக்கிறது என்று கருவிக்குக் கருவி நிரூபியுங்கள். எல்லாம் முடிந்ததும் அதைக் கரித்தூளோடு கலந்து 800 டிகிரியில் கொளுத்திவிடுங்கள்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. காற்றுப் புகாத உலையில் இப்படிக் கருக்கினால் வேகமும் ஆயுளும் கூடுகின்றன என்பது 1970-களிலேயே தெரிந்த விஷயம். கோலம் போன்ற மூலக்கூறு சிதைந்து போகும். ஆனால் கரியின் ஓட்டையில் அங்கங்கே இரும்பு, சுற்றி நைட்ரஜன் என்று ஒரு குட்டிப் பங்காளி மிஞ்சும். முதன்முறை உலையைத் திறந்து வெள்ளைப் பீங்கான் படகை வெளியே இழுத்தபோது, மூன்று மாத உழைப்பு அடுப்புக்கரியாக அடியில் ஒட்டியிருந்தது. அதை ஆசிடில் வேகவைத்து, கழுவி, மறுபடி கருக்க வேண்டும். போனில் அம்மாவிடம் சொன்னேன். "தீய வெச்சிட்டியா?" என்றார். ஆமாம், அதுதான்மா செய்முறை என்றேன்.

அடுத்து வருவதைப் படிக்கும்முன் உட்கார்ந்துகொள்ளவும். அமெரிக்காவில் யேகர் குழு 1989-ல் இன்னொன்றைக் காட்டியது. அந்த விலையுயர்ந்த கோலமே தேவையில்லை. கோபால்ட் உப்போ இரும்பு உப்போ கொஞ்சம், நைட்ரஜன் இருக்கிற மலிவான பிளாஸ்டிக் கொஞ்சம், கரித்தூள், மூன்றையும் சேர்த்துக் கருக்கினாலே போதும். உங்கள் மூன்று மாதத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று உங்கள் வழிகாட்டியைக் கேளுங்கள்.

இந்தச் செய்தி பரவியதும் உலகமே கருக்க ஆரம்பித்தது. நைட்ரஜன் எதில் இருக்கிறதோ அதெல்லாம் உலைக்குள் போனது. சோயா, தலைமுடி, மிருக ரத்தம், குளத்துச் செடி. 2020-ல் புமேரா என்ற ஆய்வாளரின் குழு பொறுக்க முடியாமல், கிராஃபீனில் பறவை எச்சத்தைக் கலந்து கருக்கி, அதுவும் நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று ஏசிஎஸ் நானோ என்கிற மதிப்புமிக்க இதழில் ஒரு கட்டுரையே போட்டது. கிண்டல்தான், ஆனால் அளவீடுகள் நிஜம். எங்கள் ஜன்னல் விளிம்பில் காக்கைகள் அந்த மூலப்பொருளை எத்தனையோ வருடமாக இலவசமாகக் கொடுத்து வருவதை இங்கே பதிவு செய்கிறேன்.

சரக்கு தயார். இனி அளந்து காட்ட வேண்டும். கரித்தூளை ஆல்கஹாலில் கரைத்து மை ஆக்கி, அரை சென்டிமீட்டர் அகலமுள்ள கண்ணாடிக்கரி வட்டத்தின் மேல் ஒரு சொட்டு விட்டுக் காயவைக்கவும். அதற்கு முன் அந்த வட்டத்தைத் துணியில் வெள்ளைப் பொடி வைத்து எட்டு எழுதுவதுபோல் தேய்க்க வேண்டும். பாத்திரம் தேய்த்துப் பழகியவர்களுக்கு இது சுலபம். சொட்டு காயும்போது நடு காலியாகி ஓரத்தில் மட்டும் வளையமாகப் படியும், டபராவுக்கு அடியில் காபி விடுகிற வளையம் மாதிரி. துடைத்துவிட்டு மறுபடி. என் வாழ்க்கையின் ஒரு மழைக்காலம் முழுவதும் இந்த வளையத்தைப் பார்த்தே போனது. சொட்டு சரியாகப் படிந்ததும் வட்டத்தை நிமிடத்துக்கு 1600 சுற்று வேகத்தில் கரைசலுக்குள் சுழற்றி, மூலக்கூறுக்கு எத்தனை வாய் இறங்கியது என்று கணக்கிடவும். 3.9 வந்தால் அன்றைக்கு டீ உங்கள் செலவு.

வரவில்லையென்றால் மனம் தளர வேண்டாம். ஆசிட் கரைசலை விட்டுவிட்டுக் காரக் கரைசலுக்குப் போங்கள், அதில் ஆக்சிஜன் கொஞ்சம் அடங்கும். ஒப்பிடுவதற்கு வாங்கிய பிளாட்டினத்தை அக்கறையில்லாமல் பூசுங்கள், அது தோற்கும். இதெல்லாம் போதாதென்றால் இன்னொரு வழி. மின்சுற்றை முடிக்க எதிரே ஒரு மின்முனை வைக்க வேண்டுமல்லவா, அதற்குப் பிளாட்டினக் கம்பியை வையுங்கள். ஆசிடில் அது துளித்துளியாகக் கரைந்து, நீந்தி வந்து, உங்கள் கரித்தூளின் மேல் உட்காரும். உங்கள் வினையூக்கி நாளுக்கு நாள் மேம்படும். பிளாட்டினமே இல்லாத அதிசயப் பொருள் என்று தலைப்புக் கொடுங்கள். விவரம் தெரிந்தவர்கள் இதைக் கண்டுபிடித்து, எதிர்முனைக்குக் கரித்துண்டைத்தான் வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். நான் இதைத் தற்செயலாகச் செய்து, எட்டு நாள் மேதையாக இருந்து, ஒன்பதாம் நாள் கம்பியை மாற்றியபோது பழைய ஆளானேன்.

ஆயுள் என்ற சொல்லைக் கட்டுரையில் கூடியவரை தவிர்க்கவும். இரும்பு–நைட்ரஜன் கரிகள் புதிதில் பிளாட்டினத்துக்கு அருகே ஓடும். வேலை வாங்க ஆரம்பித்தால் முதல் நூறு மணி நேரத்துக்குள்ளேயே மூச்சு வாங்கும். முழுத் தோல்வி என்றும் சொல்ல முடியாது. 2017-ல் கனடாவின் பல்லார்ட் நிறுவனம் ஜப்பானின் நிஷின்போவோடு சேர்ந்து, ஆக்சிஜன் பக்கத்தில் பிளாட்டினம் இல்லாத சிறிய மின்கலம் ஒன்றை அறிவித்தது. ஆனால் பெரிய வண்டிகளில் இன்னும் பழைய பாட்டிதான். 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடி விழாவில், கொச்சி கப்பல் கட்டும் தளம் செய்த ஹைட்ரஜன் மின்கலப் படகைத் தொடங்கிவைத்தார்கள். அந்த மாதிரி மின்கலங்களுக்குள் ஊட்டுகிற வேலையை இன்று பெரும்பாலும் பிளாட்டினமே பார்க்கிறது.

ஊட்டக் கற்க விரும்புபவர்கள் காரைக்குடிக்கும் போகலாம். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், ஊரில் சொல்வது சிக்ரி. அழகப்பச் செட்டியார் 15 லட்சம் ரூபாயும் 300 ஏக்கர் நிலமும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அந்த நிலையத்தில் எனக்குப் பிடித்த விஷயம், ஒரு பிரிவு எரிபொருள் மின்கலத்தில் ஆக்சிஜன் இன்னும் வேகமாகச் சாப்பிட வழி தேடுகிறது. இன்னொரு பிரிவு இரும்பின் மேல் அதே ஆக்சிஜன் ஒரு வாய்கூடச் சாப்பிடக் கூடாது என்று பூச்சு தேடுகிறது. துருப்பிடிப்பைப் படிக்க அவர்கள் உலோகத் தகடுகளை மண்டபம் என்ற ஊரின் கடற்காற்றில் காயப்போட்டவர்கள். இடமும் பொருத்தமான இடம்தான். பக்கத்திலேயே 1914-ல் திறந்த பாம்பன் பாலத்தை ஆக்சிஜன் நூறு வருடத்துக்கு மேல் ருசித்துச் சாப்பிட்டது. 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறந்தது, அடுத்த பந்தி.

என் பந்தி வேறு மாதிரி முடிந்தது. பட்டம் வாங்கினேனா என்பது இந்தக் குறிப்புக்குத் தேவையில்லை. இப்போது ஊரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டுக்குத் திரும்பிய முதல் வாரம் அம்மா ஜன்னலைக் காட்டி, "இத்தன வருஷம் இதத்தான படிச்ச? இத நிறுத்து பாப்பம்" என்றார்.

நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாங்கி, இடித்துக் கொதிக்கவைத்து, ஆறியதும் பெயின்ட் பிரஷ்ஷால் துருவின் மேல் பூசினேன். பூசிய இடமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருநீலமாக மாறியது. கடுக்காயின் துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துக்கொண்டு கறுப்பு அணைவாகிவிடும். அந்தக் காலத்தில் எழுதும் மைக்குப் பயன்பட்ட அதே கறுப்பு. கடையில் விற்கிற துரு மாற்றிகளில் சிலவும் இந்தத் துவர்ப்பை வைத்துத்தான். வாழ்நாளில் முதல்முறையாக என் கையால் செய்த ஒரு அணைவுச் சேர்மம் சொன்ன பேச்சு கேட்டது. ஐப்பசி மழை வரைக்கும் கேட்டது.

தை பிறந்ததும் வெல்டிங்காரரைக் கூப்பிட்டேன். அவர் கம்பியைச் சுண்டிப் பார்த்தார், சத்தம் மொத்தையாக வந்தது. "சார், உள்ளயே செத்துப்போச்சு. ராடு வெச்சா ஓட்ட விழும். பேசாம யூபிவிசி போட்டுடுங்க" என்றார். போட்டோம்.

பழைய ஜன்னலைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தோம். தராசில் தூக்கும் முன் அவர், "துருவக் கழிச்சுத்தான் சார் காசு" என்றார். எனக்குள் இருந்த ஆராய்ச்சியாளன் விழித்துக்கொண்டான். துரு என்றால் சும்மா இல்லை, நூறு கிராம் துருவில் அறுபது கிராமுக்கு மேல் இரும்புதான், மீதிதான் ஆக்சிஜனும் ஈரமும், அந்த ஆக்சிஜன் அத்தனையும் என்று ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"காத்துக்கெல்லாம் காசு குடுத்தா எனக்குக் கட்டுப்படியாகாது சார்."

ஜன்னலை இரண்டு கையாலும் தூக்கி, வாசல்படியில் ஓங்கி நாலு தட்டுத் தட்டினார். தகடு தகடாக உதிர்ந்தது. எலும்பு மாதிரி மிஞ்சியதைத் தராசில் மாட்டினார். அவர் எண்ணிக் கொடுத்த காசை இடுப்பில் செருகிக்கொண்டு, அம்மா துடைப்பத்தை எடுத்துவந்து படியில் கிடந்த துருவை முறத்தில் கூட்டி அள்ளினார். கொல்லைக்குக் கொண்டுபோய் முருங்கை மரத்தடியில் கொட்டிவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினார்.